எபநேசர் ஐயாவுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு

இந்த ஊரில் ஆம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்கிறார்கள். "யா" என்ற சொல் வெளியே வராமல் நெஞ்சுக்குள் போய்விடுகிறது. வடக்கு நோர்வேக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஒரு கிழவியிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டதுபோல் மூச்சை இழுத்தார். நெஞ்சுவலி என்று நினைத்துத் தாதியைக் கூப்பிட ஓடினேன். தாதி வந்து பார்த்துவிட்டு, "தேநீர் வேண்டும் என்கிறார், கொடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நடந்து பதினேழு வருடமாகிறது. இப்போது இவர்களுடைய பேச்சும் புரியும், பேச்சுக்கு நடுவே விடுகிற நீண்ட இடைவெளியும் புரியும். ஊரிலுள்ள லுத்தரன் தேவாலயத்துக்குத்தான் போகிறேன். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு போன வருடம் ஒரு காரியம் செய்தேன். என் சொந்த ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல் வெளியே வந்தவர்களும் அதை என் வாயாலேயே அறியட்டும் என்று எழுதுகிறேன். வேறு வாய்களால் அது ஏற்கெனவே இலங்கையில் எங்கள் ஊரான கல்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் இங்கே எல்லோரும் பக்கத்து மண்டபத்தில் கூடிக் கோப்பி குடிப்பார்கள். ஷிர்க்கெகஃபே என்று பெயர். ஆளுக்கு ஒரு வாஃபிள், அதன்மேல் பழுப்பு நிறத்தில் இனிப்பான ஆட்டுப்பால் சீஸ். சித்திரை கடைசியில் ஒரு ஞாயிறு, போதகர் இங்ரிட் என் தோளைத் தொட்டு, "உன் நாட்டுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். பாவம், யாரோடும் பேச முடியாமல் நிற்கிறார்" என்றார். திரும்பிப் பார்த்தேன். பெரிய ஜாக்கெட்டுக்குள் சிறுத்துப் போன ஒரு கிழவர். காதுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை மயிரும், நாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்த நிற்பும் போதும். எபநேசர் ஐயா. கல்முனையில் எங்கள் மெதடிஸ்த சபையின் காரியங்களை முப்பது வருடம் கையில் வைத்திருந்தவர். அந்தப் பதவியின் பெயராலேயே ஸ்டூவட் ஐயா என்போம். போதகர்மார் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஸ்டூவட் ஐயா மாறவே மாட்டார்.

அவர் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த சனிக்கிழமை பின்னேரத்தைச் சொல்ல வேண்டும். என் அம்மா கிரேஸ், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை இருபத்திரண்டு வருடம் துவைத்தவள். அந்தத் துணிக்கென்று தனி வாளி, தனிச் சவர்க்காரம். கஞ்சி போட்டு, வெயிலில் காயவிட்டு, அயன் பண்ணி, ஞாயிறு காலையில் தானே கொண்டுபோய் விரிப்பாள். அந்த வருடம் என் அக்கா ரூபி, நிந்தவூரில் கூரை ஓடு விற்கிற கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரை விரும்பி, கலிமா சொல்லி மதம் மாறித் திருமணம் செய்திருந்தாள். சபை அதைக்கூடப் பொறுத்தது. அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் அம்மா பஸ் ஏறி நிந்தவூருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து, அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததைத்தான் பொறுக்கவில்லை. எபநேசர் ஐயா வந்து முற்றத்தில் நின்றார். கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"இனி வேற ஆக்கள் கழுவுவாங்க" என்றார்.

"ஈரமா இரிக்கி ஐயா, காயட்டும். நானே கொண்டு வந்து தாறன்" என்றாள் அம்மா.

அவர் கேட்கவில்லை. கொடியிலிருந்து துணியை உருவி, ஈரத்தோடு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டை ஒரு பக்கம் நனைந்தது. "சபை ஒரு முடிவு எடுக்கிற வரைக்கும் நீங்க திருவிருந்துக்கு முன்னுக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

சபை முடிவு எடுக்கவே இல்லை. அம்மா பதினொரு வருடம் கடைசி வாங்கில், வாசலோரத்து நீள இருக்கையில், உட்கார்ந்திருந்தாள். ஒரு ஞாயிறும் தவறவில்லை. மாரியில் ரோட்டில் தண்ணீர் நின்று ஒன்பது பேர் மட்டும் வந்த ஆராதனையிலும் ஒன்பதாவது ஆள் அவள். முன்பு அவளோடு நெருங்கி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய பெண்கள் நாலு வாங்கு தள்ளி உட்கார்ந்தார்கள். எல்லோரும் எழுந்து முன்னே போவார்கள், முழங்காலில் நிற்பார்கள், வாயில் அப்பத்தோடு திரும்பி வருவார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டை ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டிருப்பாள். பதினோராவது வருடம் வந்த இளம் போதகர் ஒருவர் கதை முழுவதையும் கேட்டு, பீடத்திலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். எபநேசர் ஐயா அன்றைக்கும் முன்வரிசையில்தான் இருந்தாராம். அவருக்கு ஒரு நாள் வர வேண்டும் என்று நான் ஜெபித்தேன். பழி கேட்டு ஜெபிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது. அந்த நாள் பனி உருகுகிற ஒரு ஊரில், வாஃபிள் வாசத்துக்கு நடுவே வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

ஐயா மூன்று மாத விசாவில் மகனைப் பார்க்க வந்திருந்தார். மகன் பஸ் ஓட்டுகிறவர், ஞாயிறும் வேலை. தேவாலயப் பழக்கமும் இல்லை. தகப்பனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஐயாவுக்கு ஆங்கிலம் நாலு சொல்லுக்கு மேல் வராது. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அவருடைய கண் கலங்கியது.

"நீ ஆரு மகள்?"

"கல்முனைதான். கிரேஸ்ட மகள், ஜெசி."

கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, கிரேஸ்! நல்ல சீவன். ஒரு ஞாயிறும் விடமாட்டா. எங்கட சபையில அவவைப் போல விசுவாசி ஆரு இரிக்கா?"

வேறு எதையாவது சொல்லியிருந்தால் நான் அன்றைக்குப் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். அம்மாவைக் கடைசி வாங்குக்குத் தள்ளியவர், அவள் அங்கே உட்கார்ந்திருந்த பொறுமையைத் தன் சபையின் பெருமையாகச் சொல்கிறார். அதே மூச்சில் போதகரைக் காட்டி, "பொம்பிளைதானா இங்க போதகர்? சரி, அதை விடு. நான் மெதடிஸ்த ஆள். இங்க திருவிருந்து எடுக்கலாமா எண்டு கேட்டுச் சொல்லு மகள்" என்றார்.

கேட்டேன். இங்ரிட் சிரித்துக்கொண்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். "நிச்சயமாக. இது கர்த்தருடைய பந்தி, எங்களுடையது இல்லை. அடுத்த ஞாயிறே வரச் சொல்."

நான் ஐயாவின் பக்கம் திரும்பினேன். "இந்தச் சபையில பேர் பதியாத ஆக்கள் எடுக்க ஏலாதாம் ஐயா. சபை முடிவு எடுக்கிற வரைக்கும் பின்னுக்கு இரிக்கட்டுமாம்."

கைகள் இன்னும் போதகரின் கைகளுக்குள் இருந்தன. அவர் தலையை ஆட்டினார். எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் போட்டது அப்படிப்பட்ட சட்டங்கள்தானே. "முறை எண்டு ஒண்டு இரிக்கத்தான் வேணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் எழுந்து பீடத்தைச் சுற்றி நின்றபோது எபநேசர் ஐயா மட்டும் கடைசி வாங்கில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். இங்ரிட் என்னைப் பார்த்தார். "ஹான் வில் இக்கெ" என்றேன். அவருக்கு விருப்பம் இல்லை. இங்கே ஒருவருக்கு விருப்பம் இல்லை என்றால் மறுபடி கேட்க மாட்டார்கள், அதுதான் மரியாதை. அன்று என் நாக்கில் வைத்த அப்பம்போல் ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை. திரும்பி வரும்போது அவருடைய வாங்கு வரை போய்ச் சுற்றி, வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தேன். ஐந்து ஞாயிறு அப்படி நடந்தேன். கிழமை முழுக்க இல்லத்தில் படுக்கை மாற்றிக் கால் கழுவி ஓய்ந்தாலும், ஞாயிறு காலையில் புதுச் சட்டை போட்டுக்கொள்ள உற்சாகம் வந்தது.

ஐயா சும்மா இருக்கவில்லை. நேரத்துக்கு முந்தி வந்து பாட்டுப் புத்தகங்களை வாங்குகளில் அடுக்கினார். கோப்பிக் கோப்பைகளைக் கழுவினார். தெரிந்த ராகம் வந்தால் அவர்கள் நோர்வேஜிய மொழியில் பாட, இவர் தமிழில் பாடினார். ஆர்னே என்று மனைவியை இழந்த ஒரு வயதான மீனவர் இருக்கிறார். பதினேழு வருடத்தில் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருப்பார். பஸ்ஸிலும் சரி, தேவாலயத்திலும் சரி, இங்கே யாரும் யாருக்கும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அந்த ஆர்னே ஒரு ஞாயிறு வந்து ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பி மண்டபத்தில் இருவரும் கையை விரித்து மீனின் நீளம் காட்டிக்கொண்டார்கள்.

ஏழாவது ஞாயிறு திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தபோது ஆர்னே எழவில்லை. ஐயாவோடு வாங்கிலேயே இருந்தார். முழங்கால் வலியாக்கும் என்று நினைத்தேன். கோப்பி நேரத்தில் கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவர் தனியாக இருந்தார்" என்றார். அவ்வளவுதான். எட்டாவது ஞாயிறும் இருந்தார். ஒன்பதாவது ஞாயிறு சபைப் பெண்கள் இரண்டு பேரும் எழாமல் அவர்களோடு இருந்துவிட்டார்கள்.

நான் பீடத்தருகே நின்று அந்தக் கடைசி வாங்கைப் பார்த்தேன். கொதித்தது. என் அம்மா பதினொரு வருடம் உட்கார்ந்த வாங்கில் ஒருத்தி வந்து உட்காரவில்லையே என்று, சொந்தச் சபைப் பெண்கள் ஒவ்வொருவராக மனதுக்குள் பெயர் சொல்லிச் சபித்துக்கொண்டு வந்தேன். பெயர்கள் முடிந்து கடைசியில் ஒரு பெயர் மிச்சமிருந்தது. அந்தப் பதினொரு வருடத்தில் முதல் மூன்று வருடம் நானும் அந்தச் சபையில் இருந்தேன். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசை. "நீ முன்னுக்குப் போ புள்ள. உன்ட பேரையும் வெட்டிப்போடுவாங்க" என்றாள் அம்மா. நான் போனேன். ஒவ்வொரு முறையும் எழுந்து, அவளைக் கடைசி வாங்கில் விட்டுவிட்டு, போனேன்.

அன்று பின்னேரம் அம்மாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன்.

"எத்தின ஞாயிறு?" என்றாள்.

"ஒன்பது."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். "வருசத்துக்கு ஒண்டு வச்சாலும் பதினொண்டு வேணுமே. இன்னும் ரெண்டு கிடக்கட்டும்."

ஆர்னேயைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அந்த மனிசன் சும்மா பக்கத்தில இரிக்காரா?"

"ஓம்."

"ஒண்டும் கதைக்காமலா?"

"பாசை தெரியாதே அம்மா. சும்மாதான் இரிக்கார்."

அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த மனிசனுக்கு என்னத்துக்குப் பட்டினி? நாளைக்கே சொல்லிப்போடு. எபநேசருக்காக இல்ல, விளங்கிச்சா?" என்றாள்.

திங்கட்கிழமை மகன் வீட்டுக்குப் போனேன். ஐயா தனியாக இருந்தார். "போதகர் முதல் நாளே வாங்க எண்டுதான் சொன்னவ. நான்தான் மாத்திச் சொன்னன்" என்றேன். அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஏன் என்று கேட்டார். துணியைச் சொன்னேன், முற்றத்தைச் சொன்னேன், வருடங்களைச் சொன்னேன். அவர் நினைவைத் தேடுவது தெரிந்தது. கிடைக்கவில்லை.

"எந்தத் துணி?" என்றார். பிறகு நாடியைத் தூக்கினார். "நான் செஞ்சது எல்லாம் சபைக்காகத்தான். நீ செஞ்சது ஆருக்காக?"

"அம்மாக்காக" என்று சொல்ல வாய் எடுத்தேன். பாடகர் குழுவின் இரண்டாவது வரிசை நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அழைப்பு வந்த உடனேயே எபநேசர் ஐயா எழுந்தார். ஆர்னே பின்னால் போனார். ஐயா என்னைப் பார்க்கவில்லை. தனக்கு உரியதை வாங்கப் போகிறவர்போல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனார். அன்று நான் எழாமல் வாங்கிலேயே இருந்துவிட்டேன். ஆராதனை முடிந்து இங்ரிட்டிடம் போய், "நான் ஃபெய்லாக மொழிபெயர்த்தேன்" என்றேன். இவர்கள் மொழியில் பிழைக்கும் குற்றத்துக்கும் ஃபெய்ல் என்ற அந்த ஒரே சொல்தான். அவர் என்னை அணைத்துக்கொண்டு, "எல்லோரும் பிழை விடுவோம். உன் நோர்வேஜிய மொழி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். விளக்கிச் சொல்ல என்னிடம் மொழி இருந்தது. சொல்லவில்லை.

ஐயா ஊருக்குப் போனதும் கதை சபை முழுக்கப் பரவியது. கிரேஸின் மகள் கர்த்தருடைய பந்தியில் பொய் சொன்னவள். பெண்கள் மறுபடியும் அம்மாவைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறார்களாம். "கதைக்கட்டும். நான் இந்த ஞாயிறும் போனன்" என்கிறாள் அம்மா. என் பழிக்கும் அவள்தான் விலை கொடுக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இரண்டாவது பொய். அந்தக் கிழவர் மறுபடி வந்து, என் அம்மாவை நல்ல சீவன் என்று சொன்னால், நான் என்ன செய்வேன் என்று எனக்கே உறுதியில்லை.

போன ஞாயிறு கோப்பி நேரத்தில் அக்கா வீடியோவில் அழைத்தாள். அங்கே நேரம் இரண்டரை. ஆராதனை முடிந்து அம்மா நிந்தவூருக்கு வந்திருந்தாள். பாயில் நடுவே சஹன், எல்லோரும் சுற்றியிருந்து சேர்ந்து உண்கிற பெரிய தட்டு. அக்காவின் மாமியார் அம்மாவின் பக்கத்துக்கு இறைச்சித் துண்டைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். எல்லோர் கைகளும் சோற்றில் தங்கள் தங்கள் பக்கத்தைத் தோண்டியிருக்க, என் முகம் இருந்த பக்கத்தில் மட்டும் சோறு குவியலாக, கை படாமல் இருந்தது. "அது உனக்கு விட்டிரிக்கி" என்றாள் அக்கா. இந்தப் பக்கம் ஆர்னே ஒரு வாஃபிளைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, திரையில் இருந்த சோற்றை எட்டிப் பார்த்தார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் நான் இரண்டையும் தொடாமல், இரண்டும் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.