இரவல் நீலக் கோட்டு

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அரசாங்கத்தின் இலவசத் திறன் பயிற்சியில் லேத் மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேலை கிடைக்காமல் பீர்க்கன்கரணை வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் அது இன்னும் மோசமானது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தேன். "தை பொறக்கறதுக்குள்ள வேலை வரலைன்னா ஜாதகத்தை வெளியில எடுத்துடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது.

மார்கழியில் பயிற்சி மையத்து சார் போன் செய்தார். குரலில் ஒரே பதற்றம். "கோட்டையிலேருந்து ஆய்வுக்கு வராங்கம்மா. படிச்சவங்களுக்கு வேலை கிடைச்சுதான்னு பாக்கணுமாம். நாளைக்கு ஒரு நாள் திருமுடிவாக்கம் பட்டறைக்கு வந்துடு. மிஷின் பக்கத்துல சும்மா நின்னா போதும்."

அவருக்குத் தெரிந்த ஒருவரின் பட்டறை அது. எங்கள் வகுப்பு மொத்தமும் அங்கே நின்றது. எல்லோருக்கும் இரவல் நீலக் கோட்டு, சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, கல்யாண வூட்ல போட்டோவுக்கு நிக்க வச்ச மாதிரி கீது" என்றான் கூடப் படித்தவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஓடுகிற மிஷினை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? ஆபரேட்டர் அண்ணாவிடம் கெஞ்சி ஒரு கம்பியை வாங்கிக் கடைய ஆரம்பித்துவிட்டேன்.

ஆய்வுக்கு வந்த மேடம் என்னிடம் வந்து நின்றார். "எவ்வளவு நாளா வேலை பாக்கறே?"

சார் முந்திக்கொண்டார். "இப்பதான் மேடம் ஜாயின் பண்ணாங்க." முதலாளியும் தலையாட்டினார்.

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, மிஷினை நிறுத்திவிட்டு முதலாளியிடம் கேட்டேன். "சார், நாளைக்கும் எட்டு மணிக்கே வந்துடட்டுமா?"

மேடம் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சாரைப் பார்த்தார். சாருக்கு வேர்த்தது.

"வா... வராம?" என்றார் முதலாளி.

சாயங்காலம் எல்லோரும் கோட்டைக் கழற்றி மூலையில் போட்டார்கள். நான் என்னுடையதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றேன். முதலாளி ஸ்கூட்டரை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேஜார் புடிச்ச பொண்ணும்மா நீ. உள்ள போ."

அன்று மிஷின் முன்னால் நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். வீட்டில் ஜாதகப் பேச்சு நின்றது.

பொங்கல் கழிந்து, ஆய்வு நல்லபடியாக முடிந்ததென்று சார் போனில் சொன்னார். எங்கள் வகுப்பில் எல்லோருக்குமே வேலை கிடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்களாம். அன்று சாயங்காலமே கூடப் படித்தவன் கூப்பிட்டான். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"அக்கா, நானும் அங்கதான் வேலை பாக்கறேன்னு எழுதிகீறாங்களாமே. நாளைக்கு நானும் வரட்டுமா?"