இரண்டாவது மணி

போன வருஷம் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். மயிலாடுதுறையில் ஒரு சின்ன உள்ளூர் நாளிதழின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்றைக்கும் அதேதான்.

பேப்பர் வாங்குபவர்கள் குறைந்துகொண்டே வந்ததால், இணையத்தில் பிழைத்தால்தான் உண்டு என்ற நிலை எங்களுக்கு. அரசியல் செய்தி போட்டோம், யாரும் சீண்டவில்லை. நெல் கொள்முதல், கோயில் திருவிழா என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது 'மறைவு' பக்கம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதைத்தான் திறக்கிறார்கள். நகைக்கடைக்காரர்கள்கூட விளம்பரத்தை அதன் பக்கத்தில்தான் போடச் சொல்கிறார்கள். எங்கள் ஆசிரியர் விடுவாரா? அந்தப் பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தார். செய்தி போட்டவுடன் எல்லார் செல்போனுக்கும் மணிச் சத்தத்தோடு அறிவிப்பு போகிற மாதிரி செய்யச் சொன்னார். "நம்ம ஊரு சாவு நம்மகிட்டதான் முதல்ல தெரியணும்" என்பார். ஊரில் எங்களுக்குச் 'சாவுமணி' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அன்று மதியம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவருடைய அண்ணன் காலமாகிவிட்டாராம். அன்றைக்கே சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். "ஜனங்க வந்து சேரணும், சீக்கிரம் போட்டுடுங்கம்மா" என்றார். மறுநாள் பேப்பரில் போட்டு என்ன பிரயோஜனம்? இதற்குத்தானே இணையம்! படத்தோடு போட்டேன். மணி போனது. நல்ல காரியம் செய்த திருப்தியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

இரண்டு வாய்தான் உள்ளே போயிருக்கும், அலுவலக போன் அடித்தது. இறந்தவரின் மருமகள். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க? எங்க வீட்டுக்காரங்க சவூதியில ட்ரெய்லர் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. பின்னாடி அவ்வளவு லோடு இருக்கு. அவங்க அத்தா போயிட்டாங்கன்னு, சாயங்காலம் வண்டிய நிறுத்தினப்புறம் நானே பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். உங்க மணியக் கேட்டா உடனே எடுத்துப் பாப்பாங்களே!"

எங்கள் தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் சென்னையில் இருக்கிறார். எச்சில் கையோடு அவரைக் கூப்பிட்டேன். "செய்திய அழிச்சிடலாம். போன அறிவிப்பைத் திரும்ப வாங்க முடியாது. ஆனா வேற ஒண்ணு அனுப்பினா பழசு போய் அந்த இடத்துல புதுசு வந்துடும்" என்றார். மேட்டூர் அணை நீர்மட்டச் செய்தி தயாராக இருந்தது. மறைவுச் செய்தியை அழித்தேன், நீர்மட்டத்தை அனுப்பினேன். மறுபடி மணி அடித்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் வெறுத்ததே இல்லை.

அதற்கப்புறம் எனக்கு வேலையே ஓடவில்லை. ஏதோ ஒரு பாலைவனச் சாலையில் ஒரு வண்டி என் கண்முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "நல்லபடியா வண்டிய நிறுத்திட்டாங்கக்கா. நான்தான் சொன்னேன். அதுவரைக்கும் அவங்க பாக்கலை." அப்பாடா என்று இருந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து, லீவில் வந்திருந்த அவள் கணவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன். ஆசிரியர் டீ சொல்லிவிட்டு வருவதாக நழுவிவிட்டார்.

"கோவமா வரலைம்மா. யாரு போட்டதுன்னு பாக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்" என்றார். "அன்னிக்கு மணி கேட்டதும் வண்டிய ஓரம் கட்டிட்டுப் பாத்துட்டேன். அத்தா போட்டோ. வீட்டுக்குப் போன் போட்டா எங்கேஜ்டு."

அந்த நேரத்தில் அவர் மனைவி பேசிக்கொண்டிருந்தது என்னோடுதான்.

"மறுபடி மணி கேட்டுச்சு, திறந்தேன். அத்தாவக் காணோம்! மேட்டூர்ல தண்ணி இவ்வளவு இருக்குன்னு வருது. பொய்ச் செய்தி போல, அதான் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லி அழுதேம்மா. அப்புறம் வீட்டுக்குப் போன் போட மனசு வரலை. அத்தா இருக்காங்கன்னே வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் ஓட்டுனேன். ஊருக்குப் போனதும் அத்தாகிட்ட இதச் சொல்லிச் சிரிக்கணும்னுகூட நெனச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடித்துவிட்டு அவர் கிளம்பும்போது வாசலில் நின்று, "வீட்டுல சொல்லிடாதீங்க. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு இருக்கட்டும்" என்றார்.

இப்போது எங்கள் மறைவுப் பக்கத்துக்கு மணி கிடையாது. ஆசிரியர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். போன் செய்கிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்கிறோம்: "வெளியூர்ல யாருக்காவது இன்னும் சொல்லாம இருக்கீங்களா?" ஆமாம் என்றால் அவர்கள் சொல்லும் வரை காத்திருக்கிறோம். அதற்குள் வேறு தளங்கள் முந்திக்கொள்கின்றன, முந்தட்டும். அன்று நான் செய்தது அந்த மனிதருக்கு அவர் அத்தாவை இரண்டு தடவை பறிகொடுக்க வைத்ததா, இல்லை சாயங்காலம் வரை உயிரோடு வைத்திருந்ததா என்று, மேட்டூர் நீர்மட்டம் போடும்போதெல்லாம் என் மனசு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.