மங்களேஸ்வரியின் துளை அட்டைகள்

மாத்தளை நகரத்துத் திருகோணமலை வீதியில் மங்களேஸ்வரியின் தையலுக்குப் பேர் இருந்தது. 1973இல் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்துத் துரை இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, துரைசானி தன்னுடைய பின்னல் மெஷினை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். வரிசையாக இருநூறு ஊசிகள், ஒரு கட்டு அட்டைகள், அட்டையில் துளை போட ஒரு கைக்கருவி, எண்பது பக்கத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த கணவன் வீரசிங்கம் உதட்டைப் பிதுக்கினான். அவன் பஸ் கண்டக்டர். மூன்று பாஷையில் சத்தம் போட்டு ஆள் ஏற்றுவான்.

"இது இங்கிலீஷ் படிச்சவங்க மெஷின், மங்களம். நமக்கு ஏலாது."

"ஊசிக்கு எந்தப் பாஷையும் தெரியாதுங்க," என்றாள் அவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் கணக்கில் அவளை யாரும் ஏமாற்றிவிட முடியாது.

பெட்டிக்குள் ஒரு மாதிரி அட்டையும் அதை வைத்துப் பின்னிய துண்டும் கிடந்தன. இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்த்தாள். துளை இருந்த இடமெல்லாம் வெள்ளை நூல், துளை இல்லாத இடமெல்லாம் நீலம். ஒரு வரிக்கு இருபத்துநான்கு இடம். அவ்வளவுதான் விஷயம் என்று பிடிபட்டதும் தனியாகவே சிரித்தாள். ஒரு மாதத்துக்குள் பூ, நட்சத்திரம், பாய்முடைச்சல் என்று சொந்தமாக அட்டை வெட்டத் தொடங்கினாள். ரத்தோட்டை மலைக் குளிருக்கு அவளுடைய சுவெட்டர்கள் நன்றாக ஓடின.

அப்படித்தான் ரத்தோட்டைக் கதிர் விளையாட்டுக் கழகத்தின் கரப்பந்து கேப்டன் நுஹ்மான் வந்து சேர்ந்தான். "பன்னெண்டு சுவெட்டர் வேணும் அக்கா. நெஞ்சில 'கதிர்'னு தமிழ்ல எழுத்து வரணும்."

மூன்று எழுத்து; எழுத்துக்கு எட்டு இடம்; இருபத்துநான்குக்குள் அச்சாக அடங்கியது. சந்தோஷமாகத் துளை போட்டாள். நான்கு நாள் பின்னினாள். அவள் பார்க்கும் பக்கத்தில் குறுக்கே ஓடிய நூல்களுக்குள் எழுத்து மங்கலாக, ஆனால் சரியாகவே தெரிந்தது. முதல் சுவெட்டரைக் கழற்றி நல்ல பக்கத்தைத் திருப்பியவளுக்குத் திக்கென்றது. எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. கண்ணாடிக்கு முன்னால் பிடித்தால் மட்டும் 'கதிர்' என்று அழகாக வாசிக்க முடிந்தது.

"எதிர் டீம்காரன் ஆளுக்கொரு கண்ணாடியோட வரணும்," என்று வீரசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. பிறகு யோசித்தாள். பூவும் நட்சத்திரமும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். எழுத்து அப்படி இல்லையே! பின்னும்போது தன் பக்கம் இருப்பது சுவெட்டரின் உட்புறம் அல்லவா? எழுந்து போய் அட்டையை முன்பின்னாகத் திருப்பிச் செருகினாள். அடுத்த சுவெட்டரில் 'கதிர்' நேராக வந்தது.

சுவெட்டர்களை எடுத்துப் போக நுஹ்மான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, கழகத்தின் பழைய ஆட்டக்காரர் இராசமாணிக்கத்தையும் கூட்டி வந்தான். அவருக்குக் கொழும்பில் உத்தியோகம். கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுபவர். அட்டைகளைக் கண்டதும் அவர் உட்கார்ந்தே விட்டார்.

"நாங்களும் இதைத்தானுங்க செய்யிறோம். அட்டையில துளை போட்டு மெஷினுக்கு வேலை சொல்றோம்."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் புத்தகத்தைப் புரட்டி ஓர் இடத்தில் விரல் வைத்தார். "இங்க ஒரே வரியில இருக்கு. எழுத்துப் பின்னும்போது அட்டையைத் திருப்பிப் போடணும்னு."

மங்களேஸ்வரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒரு வரிக்கு நாலு நாளா!"

"அதான் நான் அப்பவே சொன்னேன், இங்கிலீஷ் வேணும்னு," என்றான் வீரசிங்கம்.

"அப்படியும் சொல்ல ஏலாது," என்றார் இராசமாணிக்கம். "எங்க கொம்பியூட்டருக்கு இங்கிலீஷ்ல முப்பது சொல்லுக்கு மேல தெரியாது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இங்கிலீஷ்ல கவிதையே எழுதுவாரு. புரோகிராம் போட்டா ஒருநாளும் ஓடாது. யோசிக்கிறது நம்ம பாஷையிலயே யோசிக்கலாம். ஆனா மத்தவன் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது புத்தகத்துல இருக்குங்களே, அதை வாசிக்கத்தான் இங்கிலீஷ் வேணும்."

அவள் உள்ளே போய் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "அப்ப இந்தப் புத்தகத்துல இருக்கிற சொல்லையெல்லாம் சொல்லுங்க. சாப்பாடு இங்கதான்."

நுஹ்மான் பஸ்ஸைத் தவறவிட்டான். இராசமாணிக்கம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் கொப்பியில் நாற்பத்தாறு சொற்கள் ஏறின: இங்கிலீஷ் சொல், அதன் உச்சரிப்பு, பக்கத்தில் தமிழ். மீதியை அவளே மெதுவாகக் கூட்டிக்கூட்டி வாசித்தாள். எட்டு மாதத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். அச்சுப்பிழை ஒன்றைக்கூடக் கண்டுபிடித்து, ரத்தோட்டை பஸ்ஸில் இராசமாணிக்கத்தின் ஊர் வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள்.

எழுபத்தெட்டில் கடைகளுக்குப் புதிய பின்னல் மெஷின்கள் வந்தபோது, வாங்கிய பெண்கள் கலேவெலயிலிருந்தும் உக்குவெலயிலிருந்தும் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களுக்காக மங்களேஸ்வரி முழுப் புத்தகத்தையும் படம் போட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். சிங்களப் பெண்களுக்கு வீரசிங்கம் அதைச் சிங்களத்தில் வாசித்துச் சொல்வான், பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லுகிற அதே குரலில்.