மாமியார் கையில் என் வளையல்கள்

எனக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் நோய். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் வலி பிய்த்து எடுக்கும். கர்ப்பமானதும் டாக்டர், "நிறையத் தண்ணி குடிங்க, அலுப்பு கூடாது, வலின்னா உடனே வாங்க" என்றார். டாக்டர் சொன்ன எதையும் என் மாமியார் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. "இவ்ளோ தண்ணி குடிச்சா கொயந்த நீந்திக்கினுதாம்மா இருக்கும்" என்று சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. காஞ்சிபுரத்தில் வளைகாப்புக்கு லேசான புடவை கட்டினால் தெருவே விசாரிக்கும். ஜரிகை கனக்கும் பட்டில், சித்திரை வெயிலில் என்னை உட்காரவைத்தார்கள். வந்த பெண்களெல்லாம் வளையல் போட்டார்கள். தண்ணீர் கேட்டால் சந்தனம் பூசினார்கள். ஓடியாடி எல்லாம் செய்த மாமியார் மட்டும் பக்கத்தில் வரவில்லை. கணவரை இழந்தவராம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது இடுப்பில் வலி பிடித்தது. "வளையல் சத்தம் கேட்டு கொயந்த ஆடுது" என்று பெண்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஆட்டோவுக்கு ஆள் அனுப்பியவர் மாமியார்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் திகைத்து நின்றார். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி. ஊசி குத்த இடமில்லை. உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், தாமதித்தால் குழந்தைக்கு ஆபத்து என்றார் டாக்டர்.

"பிரசவம் வரைக்கும் கயட்டக் கூடாதும்மா. கொயந்தைக்கு ஆகாது" என்றார் மாமியார்.

"கழட்டலன்னாதான் ஆகாது" என்றார் டாக்டர்.

மாமியார் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சோப்புத் தண்ணீர் கேட்டார். என் கையிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தன் கையில் போட்டுக்கொண்டார். "யாரும் கயட்டல. கை மாறிக்கினுது, அவ்ளோதான்."

கண்ணாடி வளையல் பட்டுப் பல வருடமான கை அது. பிரசவம் வரை அப்படியே இருந்தார். காய்கறிக் கடையில் சிரித்தார்கள். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். செக்கப்புக்குப் போனால் புது நர்ஸ்கள் குழம்பிப்போய் அவர் வயிற்றைப் பார்ப்பார்கள். "அவ வயித்துல, என் கையில" என்று விளக்குவார்.

பெண் குழந்தை பிறந்தது. நானும் பிழைத்தேன். கட்டிலருகில் மாமியார் சத்தமில்லாமல் வளையலைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வேலைதான் முடிஞ்சிடுச்சே."

"கழட்டாதீங்க அத்தை. போட்டுக்கினே இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க" என்றேன். பச்சைப் பொய்.

என்னைப் பார்த்தார். கழற்றிய ஒன்றையும் திரும்பப் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதை அவர் மறுபேச்சின்றிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.