கம்பெனி பஸ்ஸும் தித்திக்கும் சிரப்பும்

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டது. குடியால் அல்ல, பழைய மஞ்சள் காமாலையால். செங்கல்பட்டில் யாரும் நம்பவில்லை. குடித்தது நான், பெயர் கெட்டது அவனுக்கு.

டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். “இத நம்ம உடம்பு செரிக்காது. பெருங்குடல்ல இருக்கற கிருமிங்கதான் தின்னு புளிப்பாக்கும். அந்தப் புளிப்பாலதான், மூளைய மயக்கற கழிவு ரத்தத்துல ஏறாம வெளிய போவும். தெனம் ரெண்டு மூணு தரம் வயிறு இளகிப் போவணும். நின்னா புத்தி தடுமாறும்.” வீட்டிலேயே சோதிக்கவும் வழி சொன்னார். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டச் சொல்ல வேண்டும். உள்ளங்கை தானாகத் துவண்டு துவண்டு எழுந்தால் உடனே கூட்டி வர வேண்டும்.

சிரப் பாகாகத் தித்தித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று நானும் குடித்துவிட்டு மாமல்லபுரத்துக்கு வண்டியை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் கிருமிகள் வேலைக்கு வந்துவிட்டன. சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒதுங்கியதோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

“இன்னாடா, கடல் எப்டி கீது?”

“பாக்கலண்ணா. சவுக்கு நல்லா கீது.”

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: “இதக் குடிச்சிட்டு நான் கம்பெனி பஸ்ல போவணும்டா. நடுவுல எங்க எறங்கறது?”

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. பஸ்ஸிலும் இறங்க முடியாது, மெஷினை விட்டும் நகர முடியாது. லீவு நாளில் மட்டும்தான் சிரப்பை ஒழுங்காகக் குடிக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் அண்ணியும் கெஞ்சினோம். வேலை விட்டு வந்து குடிக்கிறேன் என்றான். ஓவர்டைம் வந்த வாரம் அதையும் விட்டான்.

ஒரு சாயங்காலம், கூட வேலை செய்பவர் அவனைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸிலிருந்து இறக்கினார். “வழியில சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டாப்லயே வூடு வந்துடுச்சின்னு எழுந்துட்டாரு. பேச்சே ஒரு மாதிரி கீதுப்பா.”

அண்ணன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “வாங்க, உக்காருங்க.”

பிறந்ததிலிருந்து என்னை ‘டேய்’ என்று மட்டுமே கூப்பிட்டவன்.

“அண்ணா, பஸ்ஸ நிறுத்து.”

கையை நீட்டினான். உள்ளங்கை துவண்டது, எழுந்தது, மறுபடியும் துவண்டது.

அந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பவில்லை. கடைசிவரை ‘வாங்க, போங்க’தான். வேறு யாரும் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.