இருபத்துமூன்றடிச் சாலை

புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. லாரித் தடம் இல்லை. மணல் குவியல் இல்லை. அவர் மூச்சை விட்டுவிட்டு, குடையைத் தோள் மாற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

அலுவலகத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி இந்தக் காலி மனையை ஒட்டி நடந்து போவது அவருக்கு ஏழு வருஷத்துப் பழக்கம். மழை கொட்டினாலும் இறங்குவார். மூட்டு வலிக்கு நடை நல்லது என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் சொன்னது நேர்மாறு.

மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஜன்னலுக்கு முதுகு காட்டிய மேஜை அவருடையது. ஒரு பெரிய நிலத்தைக் கடைகளுக்கென்று துண்டு போட்டு விற்க வேண்டுமானால், துண்டுகளுக்கு நடுவே போகும் சாலை இருபத்துநான்கு அடி இருந்தாக வேண்டும். வரைபடத்தில் அந்த இருபத்துநான்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இருந்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார். இல்லாவிட்டால் கோப்பு திரும்பிப் போகும். ஆறு அங்குலம் குறைந்ததற்காக ஒரு கோப்பை நாலு தடவை திருப்பியிருக்கிறார். அந்த ஆள் ஐந்தாவது தடவை வரவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். மரத்தாலான பழைய ஸ்கேல் ஒன்று வைத்திருக்கிறார்; யாருக்கும் இரவல் தரமாட்டார். கைக்குட்டையால் அதை இரண்டு பக்கமும் துடைத்து, கோட்டின் மேல் வைத்து, இடது கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். மூன்று இடத்தில் பார்ப்பார். படத்தில் எழுதியிருக்கும் எண்ணின் பக்கம் அவர் கண்ணே போகாது.

“நம்பரை யார் வேணா எழுதலாம். கோடு பொய் சொல்லாது,” என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அளந்து பார்த்துத்தான் சம்மதித்தீர்களா என்று பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் சீண்டினார். “அளந்தேன். மூணு இஞ்ச் கம்மி. போனா போகுதுன்னு விட்டேன்,” என்றார் தலை நிமிராமல். அறையே சிரித்தது. அவர் சிரித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

தப்பு நடந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்குக் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஆறு துண்டுகள் கொண்ட ஒரு வணிக மனைக் கோப்பு மேஜையில் இருந்தது. அசல் படம் வேறொரு பிரிவுக்குப் போயிருந்ததால் நகல்தான் உள்ளே இருந்தது. ஸ்கேலைத் துடைத்தார், மூச்சைப் பிடித்தார், மூன்று இடத்தில் பார்த்தார். இருபத்துநான்கு. சுருக்கொப்பம் போட்டுவிட்டு ஓடினார்.

ஒரு வருஷம் கழித்து வடிகால் சம்பந்தமாக அதே கோப்பு அசல் படத்தோடு வந்தது. கை சும்மா இராமல் ஸ்கேலை வைத்தது. இருபத்துமூன்று. பக்கத்து மேஜைக்காரரின் ஸ்கேலை வாங்கி வைத்தார். இருபத்துமூன்றுதான். பழைய நகலை எடுத்து அசலின் மேல் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது விஷயம் விளங்கியது. நகல் மெஷின் தாளை நிரப்புவதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம். எழுதிய எண்ணும் இருபத்துநான்கு, ஸ்கேலும் இருபத்துநான்கு. வேறு யாராக இருந்தாலும் எண்ணைப் பார்த்து ஏமாந்திருப்பார்கள். அவர் கோட்டைப் பார்த்து ஏமாந்தார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தனியாக அந்த இடத்துக்குப் போனார். ஒரு முனையை எல்லைக்கல்லின் மேல் செங்கல் வைத்து அழுத்திவிட்டு அளந்தார். நிலமும் இருபத்துமூன்றுதான் என்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் நாலு துண்டுகள் கைமாறியிருந்தன.

அதிலிருந்து தினமும் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினார். யாராவது கட்ட ஆரம்பித்தால் கட்டட ஆய்வாளர் வந்து சாலையை அளப்பார். கட்டாதவரை யாரும் அளக்கமாட்டார்கள். யாரோ ஒரு தடவை அங்கே ஒரு வண்டி ஜல்லி கொட்டியபோது அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மூன்றாம் நாள் ஜல்லி வேறு எங்கோ போய்விட்டது. இடம் மாறிக் கொட்டியிருந்தார்கள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் மாநகராட்சி ஒரு குழு போட்டது. பிரித்து விற்றுவிட்டு ஒன்றும் கட்டாமல் கிடக்கும் வணிக மனைகளுக்கான விதிகளை அது மறுபடி ஆராயும். முடியும்வரை அந்த மனைகளில் யாரும் கட்டக்கூடாது. குழு எப்போது கூடுகிறது, யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் பக்கத்து மேஜைக்காரர் வழியாக அறைக்கு வந்து சேரும். சின்னப் பிரிவுகளுக்கு இருபது அடி போதும் என்று பேச்சு அடிபடுவதாக ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். ஸ்கேல் மேடம் நிமிரவில்லை. ஆனால் அடுத்த வாரம் முழுக்க அவர் வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகவும், அப்படி ஒரு பாட்டு அவருக்குத் தெரியும் என்பதே பத்து வருஷத்தில் தனக்குத் தெரியாது என்றும் அதே ஆள் சொல்லித் திரிந்தார்.

தையல் மெஷின் பழுது பார்ப்பவர் வர ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். நாற்பது வயது இருக்கும். நகக்கண்ணில் போகாத எண்ணெய்க் கறுப்பு. அந்த ஆறு துண்டுகளில் கடைசித் துண்டு அவருடையது. வாடகைக்கு இருக்கும் பட்டறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், கட்டுவதற்கு எப்போது விடுவீர்கள் என்று வாரம் ஒருமுறை வந்து கேட்டார். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். வராந்தா பெஞ்சின் நுனியில், யாருக்கோ இடம் விட்டுவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

“வாங்குறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட விசாரிச்சேன் மேடம். ஸ்கேல் மேடம் கையெழுத்து இருக்கான்னு மட்டும் பாரு, இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்குன்னாங்க. வாங்கிட்டேன்.”

ஸ்கேல் மேடம் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையை எடுத்து, துடைத்து வைத்த ஸ்கேலையே மறுபடி துடைத்தார்.

உத்தரவு வந்தபோது அதில் இருபது இல்லை. இருபத்துநான்கு அப்படியே இருந்தது. காலி மனைப் பிரிவுகள் நாற்பத்தொன்றையும் ஒரு மாதத்துக்குள் நேரில் போய், மனைக்காரர் ஒருவர் முன்னிலையில் அளந்து எழுத வேண்டும். சரியாக இருந்தால் உடனே கட்டலாம். குறைந்தால் பிரிவு ரத்து. துண்டுகள் சேர்ந்து பழையபடி ஒரே நிலமாகிவிடும். வாங்கியவர்கள் விற்றவரைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்குச் சரிபார்த்த அலுவலர் மீது விசாரணை உண்டு. பிரிவுத் தலைவர் நாற்பத்தொரு கோப்பையும் தூக்கிவந்து அவர் மேஜையிலேயே வைத்தார். “உங்களை விட்டா யாரு இருக்கா மேடம். நீங்க எழுதினா அதுக்கு மேல யாரும் பார்க்க மாட்டாங்க,” என்றார். ஸ்கேல் மேடத்துக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

அன்று சாயங்காலம் குழம்பில் உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டு தரம் போட்டார். கணவர் சாப்பிட்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் ஒரு வரி விடமாட்டார். “உங்க ஆபீசைப் பத்தித்தான் போட்டிருக்கான். தப்பா கையெழுத்துப் போட்டவனுக்கெல்லாம் பென்ஷனை நிறுத்திடுவாங்களாம். வேணும் அவனுங்களுக்கு,” என்றார். “உனக்கென்ன, நீ பயப்படுற ஆளா.” ஸ்கேல் மேடம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

நாற்பது கோப்புகள் இருபத்தைந்து நாளில் முடிந்தன. நாற்பத்தொன்றாவதை அடியில் வைத்திருந்தார். அது அடியில்தான் இருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தார். யாராவது மேஜைப் பக்கம் வந்தால் முழங்கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டார். இருபத்துநான்கு என்று இரண்டு இலக்கம் எழுதினால் போதும். ஒருநாள் பேனாவை எடுத்து, தனித் தாளில் அதை எழுதியும் பார்த்தார். கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது. தாளைக் கிழித்து, துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடப் பயந்து கைப்பையில் போட்டுக்கொண்டார்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலையில், தையல் மெஷின்காரரை இடத்துக்கு வரச் சொன்னார்.

அவர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். கையில் ஒரு நோட்டு; அதில் பட்டறையின் படம். வாசல் எங்கே, பெரிய மெஷின் எங்கே, மழைச் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு சாலையின் அந்தப் பக்கத்துக் கல்லுக்குப் போய்க் குந்தினார். ஸ்கேல் மேடம் இந்தப் பக்கத்துக் கல்லில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. எவ்வளவு மேடம் என்று அவர் இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் நுனியைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு எழுந்து வந்து அவரே பார்த்தார்.

“இருபத்துமூணு.”

“ஆமா.”

“இருபத்துநாலு வேணும்ல?”

“வேணும்.”

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கல்லுக்குத் திரும்பி நடந்து, நுனியை எடுத்து, கல்லைத் தாண்டிப் புல்லுக்குள் ஒரு அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“இப்போ பாருங்க மேடம்.”

டேப் விறைத்தது. இந்தப் பக்கத்துக் கல்லில் இருபத்துநான்கு வந்து நின்றது. சாலையில் வேறு யாரும் இல்லை. எதிர்ச்சுவருக்கு அப்பால் ஒரு வண்டி போய் மறைந்தது.

“கல்லுல வைங்க,” என்றார் ஸ்கேல் மேடம்.

டேப் அசையவில்லை.

“கல்லுல வைங்க, தம்பி.”

கொஞ்ச நேரம் கழித்து டேப் தளர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தணிந்த குரலில் கேள்வி வந்தது. “அப்போ ஃபைல்ல இருக்கிற கையெழுத்து?”

“என்னோடதுதான். தப்பாப் போட்டுட்டேன். எட்டு வருஷமாச்சு.”

தையல் மெஷின்காரர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்கேல் மேடம் கோப்பை மடியில் வைத்து இருபத்துமூன்று என்று எழுதினார். எழுத்திலும் எழுதினார். நகலை வைத்துச் சரிபார்த்ததையும், ஒரு வருஷத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் கீழே நாலு வரியில் எழுதினார். மனைக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினார். வாங்க ஆளில்லாமல் அது வெகுநேரம் நீண்டிருந்தது. கடைசியில் வாங்கிப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பத்தேகால் மணிக்கு நாற்பத்தொரு கோப்புகளும் தலைவர் அறைக்குப் போயின. பதினொன்றுக்குத் தையல் மெஷின்காரர் இன்னும் மூன்று மனைக்காரர்களோடு வந்து வராந்தாவில் நின்றார். பெஞ்சு காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய் விசாரித்துவிட்டு வந்தார். வந்ததும் ஒரு கோப்பைத் திறந்து அதிலேயே தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. ஸ்கேல் மேடம் சாப்பிடப் போகவில்லை. இரண்டு பத்துக்குப் பியூன் வந்து, உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றார். அவர் எழுந்தார். மேஜை இழுப்பறையைப் பூட்டி, சாவியை வளையத்திலிருந்து கழற்றி, பக்கத்து மேஜைக்காரர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.