பானுப்பிரியா குதிக்க ஓர் இடம்

பானுப்பிரியாவுக்குத் தேவைப்பட்டது ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். அதில் தினமும் கால் மணி நேரம் தலைதெறிக்கக் குதிக்க வேண்டும். யாரும் வந்து ஏன் என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான். பாரிவாக்கத்தில் வயலையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டார்கள், நாலு தெருவுக்கு ஒரு ஜிம் வந்துவிட்டது, ஆனால் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணொருத்தி குதிக்க ஒரு பாய் அகல இடம் மட்டும் ஊரில் இல்லை.

குதிக்க வேண்டிய காரணம் விளையாட்டல்ல. திருமழிசை எஸ்டேட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். உட்கார உட்கார உடம்பு ஊதியது. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, “சுகர் இன்னும் உள்ள வரல, வாசல்ல நிக்குது. எடையைக் குறைச்சா திரும்பிப் போயிடும்” என்றார். பானுப்பிரியாவின் அம்மா முனியம்மாவுக்கு அது வாசலைத் தாண்டி உள்ளே வந்து, வலது பாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மந்திரித்த தண்ணீரையும் விபூதியையும் நம்பி, புண் கறுக்கும் வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவள் முனியம்மா. அந்தக் காலைப் பார்த்த மகளுக்கு டாக்டரம்மா அதற்கு மேல் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழி சொன்னவள் பக்கத்து மிஷின் தெரசா. போன வருஷம் வரை இவளைவிடப் பருமனாக இருந்தவள்.

“நடக்கறதுக்கு உனக்கு ஏதுடி நேரம்? இது அப்டி இல்ல. உயிரு போற மாரி கொஞ்ச நேரம் குதி. நின்னு மூச்சு வாங்கு. மூச்சு வந்துச்சா, திரும்ப உயிரு போற மாரி குதி. கால் மணி நேரத்துல வேல முடிஞ்சிது.”

“இதுக்கு இன்னாக்கா பேரு?”

“ஹிட்டுன்னாங்க, என்னமோ ஒண்ணு. பேரு எதுக்குடி உனக்கு, கொழந்தைக்கா வெக்கப் போற? குதி.”

எப்போது குதிக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கீச்சுக் கீச்சென்று சொல்லும் செயலிகள் உண்டு. தெரசாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. பேண்டு செட்டில் டிரம் அடிக்கும் தன் தம்பி மேக்ஸ்வெல்லை வாசிக்க வைத்து செல்போனில் பதிந்திருந்தாள். அடி விழுந்தால் குதி, அடி நின்றால் நில். மாதா தேருக்கும் அம்மன் ஊர்வலத்துக்கும் ஒரே ஆவேசத்தோடு வாசிக்கிறவன் மேக்ஸ்வெல். அவன் அடித்தால் சும்மா நிற்கிறவன் தோளும் தானாகக் குலுங்கும். அந்தப் பதிவைத் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் பானுப்பிரியா.

முதலில் வீட்டுக்குள் குதித்தாள். குடியிருப்பது மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் பக்தவத்சலத்தின் மின்விசிறி ஆடியதாம். அவள் கணவன் செல்வகுமார் எஸ்டேட்டில் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். “இன்னாமே, லோடு எறக்கறியா?” என்று படுத்தபடியே சிரித்தான். மாமியார் நாகம்மாளோ, “புள்ள பெத்த ஒடம்பு, குதிச்சா கர்ப்பப்பை எறங்கிடும்” என்றாள். அரிசி மூட்டையைத் தூக்கும்போதும், மாடிக்குத் தண்ணீர்க் குடம் சுமக்கும்போதும் அந்தக் கர்ப்பப்பை அசையாமல் இருக்கும். பெண் தனக்கென்று காலைத் தூக்கினால்தான் அதற்கு இறங்கத் தோன்றும்!

பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே விடியற்காலையில் ஆண்கள் கையை வீசுகிறார்கள், குனிகிறார்கள், வட்டமாக நின்று வேண்டுமென்றே ஹா ஹா என்று சிரிக்கவும் செய்கிறார்கள். எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பானுப்பிரியா நாலு குதி குதிப்பதற்குள் ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டு அவனைக் கரை நெடுகத் துரத்தினாள். அன்றைக்கு அருமையான ஓட்டம் கிடைத்தது. ஆனால் தினமும் துரத்த ஆள் கிடைக்குமா?

மிச்சம் இருந்தது மொட்டைமாடி. பக்தவத்சலம் கையை விரித்தார்.

“ஏம்மா, இது வெயிட்டு தாங்கற தளம் இல்ல. நீ குதிச்சா விரிசல் வுட்டுடும்.”

“உங்க பையன் கல்யாணத்துக்கு மேல பந்தி போட்டீங்களே சார். ஊரே ஏறிச்சே.”

“அது வேற. பொம்பள ஏறிக் குதிக்கற எடமா மாடி?”

ஆக, விரிசல் தளத்தில் இல்லை. பானுப்பிரியா வாதாடவில்லை. மறுநாள் முதல் இருட்டு பிரியும் முன்பே பூனைபோல் படியேறினாள்.

ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை லேசாகத் தூறல் விழுந்தது. காயப்போட்ட துணியை எடுக்க மேலே வந்தாள் நாகம்மாள். மேலே அவள் கண்டது: டிரம் சத்தம் அதிர்கிறது. மருமகள் தலைமுடி அவிழ்ந்து பறக்க, கிழக்கே பார்த்துத் தடாலென்று குப்புற விழுகிறாள். எழுகிறாள். இரண்டு கையையும் வானத்துக்கு வீசி எகிறிக் குதிக்கிறாள். மறுபடி விழுகிறாள். தெரசா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளிலேயே கடினமானது அது, கொழுப்பை நன்றாகக் கரைக்கும். ஆனால் ஆடி வெள்ளியில், அவிழ்ந்த முடியோடு, மேளச் சத்தத்தில் அதைச் செய்தால் பாரிவாக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நாகம்மாள் கையிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது.

“யம்மா! தாயே! யாரும்மா வந்துகீற? பெரியபாளையத்தாளா, வேற்காட்டாளா?”

அடி நின்றது. பானுப்பிரியா முழங்காலில் கையை ஊன்றி, நாக்கு வெளியே தள்ள மூச்சு வாங்கினாள். ‘நான்தான் அத்தே’ என்று சொல்ல வேண்டும். நெஞ்சு கிடந்து அடிக்கிறது, வாயில் காற்று மட்டும் வருகிறது. ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

“தண்ணி...”

அம்மன் முதலில் கேட்பது எப்போதும் தண்ணீர்தான். நாகம்மாள் பறந்தாள். மஞ்சள் கரைத்த ஒரு குடம் தண்ணீர் பானுப்பிரியாவின் தலையில் கவிழ்ந்தது. மூச்சு திரும்பி, அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப்போன கணத்தில், நாகம்மாளின் கூச்சல் கேட்டு ஓடிவந்த பக்தவத்சலம் படிக்கட்டில் தெரிந்தார். சட்டை இல்லை, செருப்பு இல்லை, துண்டு இடுப்பில், கை தலைக்கு மேல்.

“தாயே, தெரியாம பேசிட்டேன். தளம் உன்னுது. எப்ப வேணா வா. எவ்ளோ வேணா ஆடு.”

பானுப்பிரியா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்கள் இருக்கிறதே! மொட்டைமாடி கழுவப்பட்டது, கோலம் விழுந்தது. துணிக்கொடிகள் ஒரு பக்கமாக ஒதுங்கின. எழுபது கிலோ பெண் குதித்தால் விரிசல் விடும் தளம், அதே எழுபது கிலோவை அம்மன் என்று சொன்னதும் பாறையாகிவிட்டது. தினமும் மேக்ஸ்வெல்லின் அடிக்கு வெட்டவெளியில் வெறியாகக் குதித்தாள். கர்ப்பப்பையைப் பற்றி எவரும் வாயே திறக்கவில்லை.

ஒரே தொல்லை, சர்க்கரைப் பொங்கல். அண்டா நிறைய நெய் மிதக்கக் கொண்டுவந்து வைத்தாள் நாகம்மாள். அம்மன் அதைப் பார்த்தாள். அம்மனுக்கு எச்சில் ஊறியது. அம்மன் தன்னை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“வெல்லம் வாணா. சுண்டல்.”

“இன்னா சுண்டலு தாயே?”

“கொண்டக்கடல. உப்பு கம்மியா.”

நாகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். மாடிக் கதவோரம் கைகட்டி நின்றிருந்த செல்வகுமாரைப் பார்த்ததும் பானுப்பிரியாவுக்குள் சிரிப்பு குமிழியிட்டது. கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி, “இவன் பாத்திரம் கழுவணும்” என்றாள். செல்வகுமார் சட்டென்று கும்பிட்டான். “எத்தினி நாளைக்கு தாயே?” “நான் சொல்ற வரைக்கும்.” அன்று முதல் விடியற்காலையில் குழாயடியில் விம் பார் நுரைக்க அவன் குந்தியிருந்தான். கம்பெனியில் இதைக் கேட்ட தெரசா சிரித்த சிரிப்பில் ஊசி முறிந்தது.

“ஏண்டி, பொய் சொல்றியே, பயமா இல்ல?”

“நான் எங்கக்கா சொன்னேன்? அவுங்க கேட்டாங்க, எனக்கு மூச்சு வாங்கிச்சு.”

சிரித்தாள்தான். ஆனாலும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஏதோ உறுத்தியது. குதித்தது இவள் கால், வியர்த்தது இவள் உடம்பு, கும்பிடு மட்டும் வேறு யாருக்கோ. பானுப்பிரியாவாக நின்று கேட்டபோது ஒரு பாய் அகலம் கொடுக்காதவர்கள்தானே இவர்கள்!

சுடிதார் தளர ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வாசலில் நிற்பதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

மூன்றாம் வெள்ளி. மாடியில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆட்டம் முடிந்து, தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் வழிய பானுப்பிரியா மூச்சு வாங்கி நின்றபோது, பின்தெரு கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டியபடி வந்தாள். வீட்டு வேலைக்குப் போகிற பெண். காலில் பழைய துணி சுற்றியிருந்தது. உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். கட்டைவிரலோரம் புண், ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் ஒரு கறுப்பு.

“தாயே, சக்கர வியாதிக்காரி நானு. மாத்திரைய நிறுத்திட்டேன். ஆசுபத்திரிக்குப் போனா காலை வெட்டிடுவானுங்க. உன் கையால மஞ்சத்தண்ணி ஊத்து, அது போதும் எனக்கு.”

நாகம்மாள் குடத்தை நீட்டினாள்.

பானுப்பிரியாவுக்கு அந்தக் கறுப்பு தெரியும். அவள் அம்மாவின் காலில் அது இதே இடத்தில்தான் ஆரம்பித்தது. அப்போதும் ஒருத்தர் சொம்பை நீட்டினார், இன்னொருவர் மந்திரித்தார், எல்லோரும் கும்பிட்டார்கள். தடுக்க அங்கே யாருமில்லை.

ஒரு யோசனை ஓடியது. அம்மன் குரலிலேயே ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று உத்தரவு போட்டுவிடலாமே? மாடியும் மிஞ்சும், காலும் மிஞ்சும். ஆனால் நாளைக்கு வேறு எவளோ வேறு எந்த மாடியிலோ ஆடி, ‘போகாதே’ என்று உத்தரவு போட்டால்? கன்னியம்மா அதையும்தானே கேட்பாள்? பானுப்பிரியா குனிந்து செல்போனை அணைத்தாள். முடியை அள்ளி முடிந்தாள்.

“யக்கா, எந்திரி. நான் சாமி இல்ல.”

நாகம்மாள் நீட்டிய குடத்தை வாங்கித் தரையில் வைத்தாள்.

“நான் பானு. சுகர் வந்துடும்னு டாக்டரு சொன்னாங்க, ஒடம்பு எளைக்கக் குதிக்கறேன். இது எக்சசைசு. என் மேல எந்த அம்மனும் வர்ல. எங்கம்மா இந்த மாரி புண்ணுக்குத் தண்ணி ஊத்தித்தான் பாதி காலை வுட்டா. வெட்டறது டாக்டரு இல்லக்கா, லேட்டாப் போறது. இப்பவே போலாம், எந்திரி.”

பக்தவத்சலம்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப இத்தினி நாளா என் தளத்துல குதிச்சது...?”

“நான்தான் சார். விரிசல் எங்கனா கீதா பாருங்க.”

அவர் அனிச்சையாகக் குனிந்து பார்த்துவிட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது.

கன்னியம்மா எழவில்லை. இவளையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பானுப்பிரியா அவளுடைய ஒரு கையைப் பிடித்துத் தூக்கினாள், பாரம் தாங்கவில்லை. அப்போது இன்னொரு கையை வேறொரு கை பிடித்தது. நாகம்மாள். மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, “இன்னாடி பாத்துகினு நிக்கற, படி எறங்கு” என்றாள்.

குட்டியானையின் முன் சீட்டில் கன்னியம்மா உட்கார்ந்தாள். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட முன்னாள் அம்மனும் மாமியாரும் பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செல்வகுமார் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினான். சிக்னலில் நின்றபோது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“ஏம்மே, அப்ப அந்தப் பாத்திரம்?”

“அத்த நான் சொன்னேன். கழுவு.”

புண்ணைச் சுத்தம் செய்த டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார். கட்டுப் போட்டு, மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார். கன்னியம்மா அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரல் இருந்தது.

வீடு திரும்பியபோது மொட்டைமாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. “தளம் வீக்கு” என்றார் பக்தவத்சலம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பானுப்பிரியா இரவெல்லாம் புரண்டாள். வாசலில் நிற்பது நின்றுகொண்டுதானே இருக்கிறது? பொழுது விடிந்ததும் எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி, கேட்டைத் திறந்து, நேராகத் தெருவின் நடுவில் போய் நின்றாள். செல்போனை மதில்மேல் வைத்தாள். மேக்ஸ்வெல் அடித்தான். குதித்தாள்.

பால் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். ஜன்னல்கள் திறந்தன. பக்தவத்சலம் பனியனோடு ஓடிவந்தார்.

“ஏம்மா! நடுத்தெருவுல இன்னாம்மா இது, அசிங்கமா!”

“தெருவும் வீக்கா சார்?” என்றாள், குதித்துக்கொண்டே. “நேத்து ஜல்லி லாரி போச்சே!”

பின்தெருவிலிருந்து நான்கு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எவரும் கும்பிடவில்லை. ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். இன்னொருத்தி நைட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பரீட்சை பார்ப்பதுபோல ஒரு குதி குதித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று.

அப்போது முனையில் தண்ணீர் லாரி திரும்பியது. குறுகிய தெரு, ஒதுங்காமல் போக வழியில்லை. டிரைவர் ஹாரனை அழுத்தினான். அடி உச்சத்தில் இருந்தது, நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண். பானுப்பிரியா கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தொடர்ந்து குதித்தாள்.

“யக்கா! இன்னாக்கா, வேண்டுதலா?” என்று கத்தினான் டிரைவர்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு நாகம்மாள் வெளியே வந்தாள். நேராகப் போய் லாரியின் மூக்குக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மருமவ ஒடம்பு எளைக்கறா. அடி நிக்கற வரைக்கும் ஆரன் அடிக்காதே, அண்ணாத்தே!”

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் தாளம் போட ஆரம்பித்தான்.